கேட்டவருக்குத்தான் துடக்கு

உங்களுடைய சாமத்திய வீட்டு வீடியோ இப்போது எங்கே கிடக்கிறது? என் வயதுப் பெண்களைத்தான் கேட்கிறேன். ஜெர்மனியில் எசனிலோ ஹனோவரிலோ ஏதோ ஒரு தேவாலயத்து மண்டபத்தை எடுத்து, பிளாஸ்டிக் வாழைமரம் கட்டி, நாங்கள் பெரியபிள்ளை ஆன செய்தியை ஊருக்கே அறிவித்து, ராசாவின் கதிரை மாதிரி ஒன்றில் எங்களை இருத்திப் படம் பிடித்தார்களே, அந்தக் கறுப்புக் கசெற்றைச் சொல்கிறேன். போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வெட்கம். எறியவும் கை வராது. எனக்குத் தெரியும், உங்களில் பாதிப்பேர் அதை நிலவறையில் பழைய குளிர்காலச் சப்பாத்துகளோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்.

என்னுடையதும் அங்கேதான் கிடந்தது. இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு போய், எங்கோ கொடுத்து, கைப்பேசியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது. தாயின் பழைய கோலத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். பார்த்தாள், வயிறு நோகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஓரிடத்தில் கமரா என்னை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்புகிறது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், விருந்தாளிகளின் கோட்டுகள் தொங்கும் இடத்தில், ஒரு பெண் நிற்கிறார். வெளுத்துப்போன பருத்திச் சேலை, பொட்டில்லாத நெற்றி. கதவோடு ஒட்டி நின்று உள்ளே பார்க்கிறார். கமராவைக் கண்டதும் கோட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்.

"இது எங்கடை மாமியம்மாவெல்லோ? ஏன் அவ வெளியில நிக்கிறா?" என்று மகள் கேட்டாள்.

அப்போது அவளுக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். முழுக்கதையும் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் அந்தக் காலத்து ஆட்கள்தானே, உங்களுக்கு விளங்கும்.

மாமாவும் மாமியும் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. பன்னிரண்டு வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் கண்டது கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில். ஊரில் ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு, பார்த்த பழக்கமே இல்லை. மார்கழிக் குளிர். அப்பாவிடம் கையுறை இல்லை, மாமாவிடம் ஒரு சோடி இருந்தது. ஆளுக்கொரு கையில் மாட்டிக்கொண்டு, மற்றக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். வலது கையுறை யாரிடம் இருந்தது என்பதில் மட்டும் இரண்டு பேரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை வந்தால் அம்மா எழும்பிப் போய்விடுவார்.

பிறகு நாங்களும் வந்து சேர்ந்தோம். எசனில் அகதிகளைத் தங்கவைக்கும் ஒரு ஹைமில் இரண்டு குடும்பத்துக்கும் பக்கத்துப் பக்கத்து அறை, பொதுவாக ஒரு குசினி. ஒருநாள் அங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற மாமி, "நாங்கள் எல்லாம் பெட்டையள். எனக்கு அண்ணை எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை" என்று சொன்னாராம். அடுத்த அடுப்பில் பருப்பு அவித்துக்கொண்டிருந்த அப்பா, "இனி நான் இருக்கிறன், அழாதை" என்றாராம். "வெங்காயத்துக்கெல்லோ அழுதனான்" என்று மாமி இன்றைக்கும் சொல்வார். எப்படியோ, அன்று முதல் அப்பா அவருக்கு அண்ணை. அவருடைய புருசன் அப்பாவுக்கு மச்சான். எனக்கு மாமா, மாமி. அவர்களுடைய மகள், என் வயதுக்காரி, எனக்கு மச்சாள்.

ஹைமை விட்டு வெளியே வந்தபோதும் ஒரே கட்டடத்தில் வீடு எடுத்தார்கள். அவர்கள் மேலே, நாங்கள் சரியாகக் கீழே. தொலைபேசி மேல்வீட்டில்தான் இருந்தது. ஊரில் இருந்தும் கொழும்பில் இருந்தும் எங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அங்கேதான் வரும். மாமா ஒரு கரண்டியால் சுவரோரத்து வெப்பக் குழாயில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தொலைபேசி. நிற்காமல் தட்டினால் சாப்பிட வரச்சொல்லி மாமி தட்டுகிறார் என்று அர்த்தம். கீழ்த்தளத்தில் இருந்த ஜெர்மன் கிழவி, குழாயில் ஏதோ கோளாறு என்று, கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிடுவார். அந்த மனிதன் வந்து எல்லா வீட்டுக் குழாயிலும் காற்று இறக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போவான். அவன் படியிறங்கும்போது நானும் மச்சாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தக் கரண்டியின் பிடி தட்டித் தட்டியே வளைந்து போயிருந்தது.

இலையுதிர்காலத்தில் நான் பெரியபிள்ளை ஆனேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார். ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் அழுதேன். மாமிதான் வந்து, "உங்கை என்ன செத்தவீடோ நடக்குது?" என்று அம்மாவை அதட்டி, என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்த் தலைக்கு வார்த்தார். ஒவ்வொரு காலையும் பச்சை முட்டை, பின்னால் ஒரு கரண்டி நல்லெண்ணெய். மூக்கைப் பிடித்து ஊற்றுவார். பிறகு உழுத்தங்களி. அந்த நல்லெண்ணெய் மணம் தலைமயிரில் ஏறிக்கிடக்க, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. ஆசிரியையிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். உங்களில் எத்தனை பேர் அதே பொய்யைச் சொன்னீர்களோ தெரியாது.

சடங்கைத் தை மாதத்துக்கு வைத்தார்கள். எங்கள் முறைப்படி மாமா தேங்காய் உடைக்க வேண்டும். மாமி முதலாவதாகத் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். அப்பாவுடைய சொந்தத் தங்கச்சி ஊரில். அதனால் யார் அந்த மாமி என்று ஒருவரும் பேசிக்கூடப் பார்க்கவில்லை. மாமி பாரிசில் இருந்து ஆள்மூலம் எனக்குப் பட்டுச்சேலை எடுப்பித்தார். கத்தரிப்பூ நிறம், கரையில் அன்னம் போட்டது. சட்டையைத் தானே தைத்தார். "என்ர மருமகள் உதை உடுத்து வரேக்க, கண்ணூறு படாமல் நான்தான் முதல் தண்ணி வாப்பன்" என்று சேலையை என் தோளில் போட்டுப் போட்டுப் பார்ப்பார்.

இப்போது துடக்கு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தச் சொந்தக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, மச்சம் மாமிசம் ஆகாது, நல்ல காரியத்தில் கைவைக்கக்கூடாது, ஆண்கள் முகம் மழிக்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து படைத்த பிறகுதான் அது கழியும். தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி பிந்தி வந்தால், கேட்ட நேரத்தில் இருந்துதான் துடக்கு. கேட்காதவருக்கு இல்லை. எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

சடங்குக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மேல்வீட்டில் ஏதோ மாறியது. முதலில் குழாய் அடங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி மணக்கும், படிக்கட்டு முழுக்க மணக்கும். அந்த ஞாயிறு நான் போனபோது பருப்பும் கீரையும் மட்டும். சாமிப்படங்களுக்கு முன்னால் திரை இழுத்து விட்டிருந்தது. மாமாவின் முகத்தில் தாடி. "என்ன மாமா, நத்தார்த் தாத்தா ஆகப்போறியளோ?" என்றேன். மாமா சிரிக்கவில்லை. மாமி என் சேலையைத் தொடாமல், "அதிலை இருக்கு, நீயே எடுத்துக்கொண்டு போ பிள்ளை" என்றார். அம்மாவின் பழைய படமொன்றைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று எங்கள் அல்பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் மாமா கீழே வந்தார். "மச்சான், தேங்காய் உடைக்க எனக்கு ஏலாது. இடுப்புப் பிடிச்சிட்டுது."

"உனக்கு இடுப்பே இல்லையேடா, எங்கை பிடிச்சது?" என்று அப்பா சிரித்தார்.

"இவளுக்கும் ஏலாதாம். தண்ணி வாக்க வேறை ஆரையும் பாருங்கோ."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மா உடனே மேலே போனார், நானும் பின்னால் போனேன். "என்ன குறை வைச்சனாங்கள்? வாய்விட்டுச் சொல்லும்" என்று அம்மா கேட்டார். மாமி அழுதார். அழுகை என்றால் குற்றம்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அதற்குள் ஊர்வாய் வேறு தொடங்கியிருந்தது. தன் மகளுக்கு இன்னும் ஆகவில்லை என்ற எரிச்சலாம். தன்னால் இப்படிப் பெரிதாகச் செய்ய முடியாது என்ற பொறாமையாம். படி இறங்கும்போது அம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தானாடாட்டிலும் தன் தசையாடும் எண்டு சொல்லுவினம். தசை இருந்தால்தானே ஆடுறதுக்கு."

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. தசை இல்லையா? மாமா எனக்கு மாமா இல்லையா? யாரிடம் கேட்பது? மச்சாளும் நானும் பள்ளிக்கூட மணி அடித்தபிறகும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

சடங்கு நடந்தது. ஹனோவரில் இருந்து வந்த ஒரு பெண் எனக்குப் பாலறுகு வைத்தார். அவருடைய கைகள் குளிர்ந்து கிடந்தன. பால் என் கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாமியைக் கண்டேன். வரமாட்டேன் என்றவர் வந்து கோட்டுகளுக்குள் நிற்கிறாரே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவும் கண்டார். கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீம்புக்காகத்தான் அன்று மாலை அப்பா அப்படி ஆடினார் என்று இப்போது நினைக்கிறேன். ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு கையில், மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பைலா ஆடினார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அப்பா அந்த வீடியோவை ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மாமா வந்து கதவைத் தட்டினார். அப்பா திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தார். "இடுப்பு நோகேல்லையாமோ இப்ப?" என்று அப்பா உள்ளே இருந்தே கேட்டார். மாமாவின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது.

பிறகு மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை. குழாயில் தட்டல் கேட்டது. இரண்டு தட்டு இல்லை. சாப்பிடக் கூப்பிடும் தட்டும் இல்லை, மாமியின் தட்டில் ஒரு தாளம் இருக்கும். இது நிற்காமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. அப்பா தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, "தட்டட்டும்" என்றார். கிழவி கீழே கதவைத் திறந்து கத்தினார். அப்போதும் நிற்கவில்லை. "ஆருக்கும் ஏதுமோ தெரியாது. உங்கடை கோவத்தை மடிச்சு வைச்சிட்டுப் போய்ப் பாருங்கோ" என்று அம்மா சொன்னார். அப்பா எழும்பினார். நான் பின்னால் ஓடினேன்.

மேல்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சாம்பிராணிப் புகை. நிலத்தில் வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளை விரித்து, சோறும் கறிகளும் படைத்திருந்தார்கள். கத்தரிக்காய்ப் பொரியல், பயத்தங்காய், ஓரத்தில் ஒரு சுருட்டு. மாமாவின் முகம் அப்போதுதான் மழித்துச் சிவந்திருந்தது. படையலுக்குப் பின்னால் ஒரு குத்துவிளக்கு, விளக்குக்குப் பின்னால் ஒரு படம். எங்கள் அல்பத்தில் இருந்த, அப்பாவின் தகப்பனுடைய படம். அப்பா அவரை ஐயா என்று சொல்வார்.

படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப?"

"தை பிறக்கேக்க. காய்ச்சல் எண்டு படுத்தவராம், எழும்பேல்லை. கொழும்பில இருந்து செய்தி வரேக்கையே அங்கை எல்லாம் முடிஞ்சுது, மச்சான்."

"சாமத்திய வீட்டுக்கு முதலோ?"

"ஓம்."

அப்பா மெதுவாக நிலத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "நான் ஆடினனான்" என்றார். "என்ர ஐயா சாம்பலாய்ப் போய்க் கிடக்க நான் இறைச்சி திண்டு ஆடினனான். பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

மாமி குனிந்தபடி சொன்னார். "கேட்டவருக்குத்தான் துடக்கு, அண்ணை. நீங்கள் கேக்கேல்லை. உங்களுக்கு ஒரு பிழையும் இல்லை. நாங்கள் கேட்டனாங்கள். அதுதான் நாங்கள் காத்தனாங்கள். நீங்கள் என்ர அண்ணை எண்டால் அவர் எனக்கும் ஐயாதானே? நான் எப்பிடி என்ர கையால பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது?"

"ஆரைக் கேட்டு மறைச்சனீங்கள்?"

"சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய்" என்றார் மாமா.

அது உண்மை. ஐயாவுக்கு ஏதும் என்றால் கொள்ளி வைக்காவிட்டாலும் எட்டுச்செலவுப் படையலுக்காவது போய் நிற்பேன், தலைப்பிள்ளை நான், ஆர் மறிச்சாலும் நிற்கமாட்டேன் என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். அவருடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அங்கே கொழும்பில் இறங்குகிற ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். மாமா மறைத்தது சாமத்திய வீட்டுக்காக இல்லை. அப்பாவை இங்கே நிறுத்தி வைப்பதற்காக.

அப்பா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. "கொள்ளி வைக்கக் குடுத்துவைக்கேல்லை. அழவும் என்னை விடேல்லை" என்றவர் எழும்பி மாமாவின் சட்டையைப் பிடித்தார். "நீ ஆர் எனக்கு? சொல்லடா. என்ர ஐயாவுக்கு நீங்கள் ஆர்?"

மாமா பதில் சொல்லவில்லை. அப்பா சட்டையை விட்டார், படத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார். சற்று நேரத்தில் கீழே அம்மா ஒப்பாரி வைப்பது கேட்டது. நான் படியில் நடுவில் நின்றேன். மேலே போவதா கீழே போவதா என்று தெரியவில்லை.

மாமா செய்தது பிழை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒருவருடைய அழுகையை இன்னொருவர் எடுத்து ஒளித்து வைக்கக்கூடாது. ஆனால் அப்பா அன்று போயிருந்தால் நான் தகப்பனில்லாமல் வளர்ந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இதைவிட ஒன்றுதான் இந்த வயதில் என்னை அதிகம் நெருடுகிறது. அந்த மாதம் மேல்வீட்டில் அவர்கள் ஒரு மீன்துண்டு பொரித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பூட்டிய கதவுக்குள்ளே, ஒருநாளும் கண்டிராத ஒரு கிழவருக்காக, பொறாமைக்காரர் என்று பேர் வாங்கிக்கொண்டு, அவர்கள் கீரையும் பருப்பும் தின்றார்கள். பன்னிரண்டு வயது மச்சாளும் தின்றாள். ஏன் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீடும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கும் தொலைபேசி வந்தது. குழாய் சும்மா கிடந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அம்மா கைப்பையில் எதையோ தேடுவார், மாமி தபால்பெட்டியைத் திறப்பார். ஒரு தீபாவளி போனது, இன்னொன்றும் போனது.

ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இரவு வேலை முடித்துப் படுத்திருந்தார். குழாயில் ஒரு தட்டுக் கேட்டது. மிக மெல்லிய தட்டு. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. நான் நிமிர்வதற்குள் அப்பா சாரத்தோடும் உள்பெனியனோடும் வெறுங்காலில் கதவைத் திறந்து ஓடிவிட்டார். நித்திரையிலும் அந்தக் குழாய்க்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார் மனுசன்! மாமி குசினித் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், கையில் வளைந்த கரண்டி. மாமா வேலையில். அப்பா மாமியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி வந்து, நீங்கள் இவருக்கு யார் என்று ஜெர்மனில் கேட்டார். அப்பாவுக்கு அப்போதும் ஜெர்மன் சரியாக வராது. "புறூடர்" என்றார். அண்ணன், தம்பி இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். தாதி அதை எழுதிக்கொண்டு போனார். பின்னேரம் மாமா வேலை உடுப்போடு ஓடிவந்தபோது, அப்பா தன் பக்கத்துக் கதிரையில் இருந்த கோட்டை எடுத்து மடியில் வைத்து அவருக்கு இடம் விட்டார். பித்தப்பையில் கல்லாம் என்று மாமாவிடம் சொன்னார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு படிக்கட்டில் ஆட்டிறைச்சி மணத்தது.

அதன்பிறகு எல்லாம் பழையபடிதான். அவர்கள் வீடு மாறினார்கள், நான் கலியாணம் முடித்து ஹனோவருக்கு வந்தேன். அம்மா போனபோது மாமாவும் மாமியும் முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தார்கள். இந்தமுறை யாரும் ஒளிக்கவில்லை, யாரும் காரணம் கேட்கவுமில்லை. ஆனால் அப்பாவின் அந்தக் கேள்வி, நீ ஆர் எனக்கு என்றது, கேட்டபடியே கிடந்தது. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மச்சாள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரடி" என்றாள். மாமா சில கிழமைகளாக ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், தெரிந்ததுதான். பிறகு அவள் சொன்னாள். "உன்ர அப்பாவுக்கு இப்ப சொல்லாதை. அம்மாதான் இப்பிடிச் சொல்லச் சொன்னவ. நாள் வைச்ச கலியாணம் நிக்கப்படாதாம். கேட்டால் அண்ணை தாலித் தட்டைத் தொடமாட்டாராம்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். புருசன் ஆஸ்பத்திரியில் குளிர்ந்துபோய்க் கிடக்கிறார். மாமி யாருடைய தலையில் துடக்கு விழாமல் இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார். தாலித் தட்டை வேறு யாருமில்லை, அவளுடைய அம்மப்பா, எங்கள் அப்பாதான் சபைக்குக் கொண்டுவரவேண்டும் என்பது என் மகளின் ஆசை. அப்பா அதற்காகப் புது வேட்டி வாங்கி, மடிப்புக் குலையாமல் வைத்திருந்தார். மறைப்பது எவ்வளவு லேசு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

எசனுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா இன்னும் அந்தப் பழைய வீட்டில்தான். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. "எப்ப?" என்றார். அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

"இண்டைக்குக் காலமை, அப்பா."

"நீ எப்ப கேட்டனி?"

"காலமைதான். கேட்ட கையோட வாறன்."

"அது காணும், எனக்குப் போதும்" என்று என் தலையைத் தடவினார். பிறகு சுவரோரம் போய், வெப்பக் குழாயில் கையை வைத்துக்கொண்டு, அழுதார். நான் தடுக்கவில்லை. ஆசைதீர அழுதார். அழுது முடித்துக் குளிக்கப் போனார். ஈரத்தலையோடு வந்து, "சாமிப்படத்துக்குத் திரையை விடு பிள்ளை. தாலித் தட்டுக்கு வேறை ஆளைப் பாருங்கோ" என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஐயருக்கு அழைத்தேன். அவரும் நல்ல மனுசன்தான். இரத்த உறவு இல்லை, பிறத்தி, சாத்திரப்படி உங்களுக்குத் துடக்கே இல்லை, தாராளமாகத் தட்டை எடுக்கலாம் என்றார். அப்பா என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"சாத்திரம் உங்களுக்குத் தெரியும், நான் மறுக்கேல்லை. ஒருக்கால் நான் அவன்ர சட்டையைப் பிடிச்சு, நீ ஆர் எனக்கு எண்டு கேட்டனான். அவன் பதில் சொல்லேல்லை. இப்ப நான் சொல்லுறன். கேட்டவன் நான்தான். எனக்குத் துடக்கு."

தகனத்துக்கு இங்கே டெர்மின், முன்பதிவு நாள், கிடைக்க வேண்டுமே. அது கலியாணத்துக்கு அடுத்த கிழமைதான் கிடைத்தது. மகள் கலியாணத்தைத் தள்ளிவைப்போம் என்றாள். மாமி தொலைபேசியில் அவளை ஏசிப்போட்டார். ஆகவே நாள் தப்பாமல் நடந்தது. அப்பா மண்டபத்துக்கு வந்தார், உள்ளே வரவில்லை. கோட்டுகள் தொங்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில், மழிக்காத முகத்தோடு இருந்தார். புது வேட்டி கட்டவில்லை.

மணப்பெண்ணை நாங்கள் அந்த வழியால்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டியிருந்தது. மகளைக் கண்டதும் அப்பா எழும்பிக் கோட்டுகளுக்குள் ஒதுங்கினார். "கிட்ட வராதை பிள்ளை, அதிலையே நில்" என்றார். அவர் கையில் கைப்பேசி. காது மந்தம் என்று எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பார்.

"பிள்ளை வந்திட்டாளோ அண்ணை?" மாமியின் குரல்.

"ஓம் தங்கச்சி. முன்னால நிக்கிறாள்." அப்பா கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "அண்டைக்கு நீயும் இப்பிடித்தான் நிண்டனி. நான் கண்டனான். ஒருக்கால் வந்து கூப்பிட்டிருக்க வேணும்."

"விடுங்கோ அண்ணை" என்றார் மாமி. "பிள்ளை என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறாள்?"

அப்பாவுக்கு நிறம் சொல்ல வராது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகளை மேலும் கீழும் பார்த்தார். "சிவப்பு மாதிரி. இல்லை, நீலமும் இருக்கு. கரையில ஏதோ குருவி."

"அன்னம், அண்ணை" என்றார் மாமி. "கத்தரிப்பூ. அது நான் எடுத்த சீலை."

உள்ளே மேளம் தொடங்கியது. அப்பா கைப்பேசியைக் கதவுப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லித் தலையை ஆட்டினார்.